மெரூன் கலர் முழுக்கை

“சாயம் போகுமா, போகாதா? அத மட்டும் சொல்லுங்க. சும்மா சுத்தி வளைக்காதீங்க” என்று விஜயராணி கேட்டது, எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றவர்கள் வரைக்கும் கேட்டது.

“ஏனுங் ராணி, இத்தன வருசமா டையிங் லைன்ல கெடக்கறன். என்றகிட்டயே சாயத்தப் பத்திக் கேக்கறீங்களே” என்று சாமியப்பன் அதற்கு மேல் சத்தம் போட்டார்.

“அதனாலதான் கேக்கேன். சோப்பிங் போட்டாச்சா இல்லையா?”

“ரெண்டு நாள் போடற பனியனுக்கு சோப்பிங் என்னத்துக்குங்க?”

“நானு வானநீலம் எடுங்கன்னு அப்பவே சொன்னன். இந்த ஊட்டுல என்ற பேச்ச ஆரு கேக்கறாங்க?” என்று சாமியப்பனின் மனைவி மாரக்காள் நடுவில் புகுந்தாள். அது அவள் வீடே அல்ல; நல்லூரில் ஈஸ்வரமூர்த்தியின் நிட்டிங் யூனிட் ஆபீஸ். மாரக்காளுக்கு எல்லா இடமும் தன் வீடுதான்.

ஈஸ்வரமூர்த்தி தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பேசுகிறவர் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் பக்கம் பேசினாலும் இன்னொருவர் கோபித்துக்கொள்வார் என்றால் அவர் வாயைத் திறக்க மாட்டார். ஐம்பத்திரண்டு வயதில் மனிதர் சேர்த்து வைத்த சொத்தில் அந்தக் குணமும் ஒன்று.

விஷயம் இதுதான். பொங்கலுக்கு யூனிட்டுகளை மூடினால், தெற்கத்திக்காரர்கள் ஊருக்குப் போய்த் திரும்புகிறவரைக்கும் திருப்பூரில் மெஷின் ஓடாது. அந்த நாட்களில் கடலில் படகேறிக் கரையோரமாகவே ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று கட்டிங் மாஸ்டர் சுடலை ஆசை காட்டியிருந்தார். புன்னக்காயலில் அவருடைய கூட்டாளி ஒருவர் மேற்கூரை போட்ட பெரிய படகு வைத்திருக்கிறார். அங்கே ஏறினால் திருச்செந்தூர்க் கோபுரத்தைக் கடலிலிருந்து பார்த்துக்கொண்டே மணப்பாடு போய், ராத்தங்கி, மறுநாள் திரும்பலாம். எல்லோரும் சரி என்றார்கள். சரி என்றதும் அடுத்த பேச்சு பனியன்தான். நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பழனிக்கு நடந்தாலும் சரி, பக்கத்துக் காலி இடத்தில் பந்து விளையாடினாலும் சரி, ஒரே மாதிரி பனியன் இல்லாமல் தெருவில் இறங்க மாட்டார்கள். இறங்கினால் தோல் உரிந்த மாதிரி இருக்கும் போல.

சாமியப்பனிடம் ஆர்டர் ரத்தாகிப்போன மெரூன் துணி ஒரு கட்டுக் கிடந்தது. சாயம் ஏற்றியாயிற்று, சோப்புப் போட்டுக் கொதிநீரில் அலசி, ஒட்டாத சாயத்தை வெளியேற்றும் கடைசி வேலை மட்டும் பாக்கி. அப்படிப்பட்ட துணி பார்வைக்கு ராஜா மாதிரி இருக்கும். தண்ணீர் படும்வரை.

“முழுக்கையா தச்சுருங்க ராணி. கடக்காத்து ஆகாது” என்றார் சாமியப்பன்.

“அங்கன குளிரே கெடையாது மொதலாளி. தை மாசத்துலயும் வெயிலு காந்தும்” என்றார் சுடலை.

“மார்கழிப் பனியில சேவூர் வரைக்கும் வண்டியில போனாலே நமக்குக் காதடைக்குது. கடல்ல குளிராதுங்கறீங்களா?”

கடலைப் பார்த்து வளர்ந்தவர் சொன்னதைத் தள்ளிவிட்டு முழுக்கை என்று முடிவானது. மெரூன் என்றும் முடிவானது. மாரக்காள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மற்றவர்களும் கிளம்பினார்கள். விஜயராணி மட்டும் துணி அளவு குறிக்க வேண்டும் என்று நின்றாள்.

அவளுடையது திருச்செந்தூருக்கு மேற்கே ஒரு கிராமம். புருஷன் இறந்தபோது மகள் ஜோதிகா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். டெய்லராக வந்து, இன்று சொந்தமாகத் தையல் மெஷின் வரிசை போட்டு நாலைந்து கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிறாள். ஈஸ்வரமூர்த்தியின் மனைவி போய் ஆறு வருடம். தன் ஆபீஸ் டீயைத் தவிர வேறெங்கும் டீ குடிக்காத மனுஷன், தையல் சரியாக விழுகிறதா என்று பார்க்க விஜயராணியின் யூனிட்டுக்குப் போகத் தொடங்கியதை ஊரே கவனித்தது. துணி பின்னுகிறவருக்குத் தையலில் என்ன வேலை என்று மாரக்காள் கேட்காத ஆளில்லை. ஆனால் சாட்சி என்று ஒன்று அவள் கையில் சிக்கவில்லை. ஆக, நல்லூரில் இதைப் பற்றி எதுவும் காதில் விழாத ஒரே ஆள் ஈஸ்வரமூர்த்தியின் மகன் யுவன்தான். அவன் போனும் காதுமாகவே திரிகிற பையன்.

“யுவனையும் கூட்டிட்டு வாங்க” என்றாள் விஜயராணி.

“அவனெதுக்கு, ராணி?”

“எதுக்கா? ஒரு வருசமா சொல்லுதேன், சொல்லுதேன்னு தள்ளிட்டே இருக்கீங்க. எம்மவகிட்ட நான் ஆடியிலேயே சொல்லியாச்சு. அவ சென்னையில வேலைக்குச் சேந்துட்டா, நீ இங்க வந்துருன்னு கூப்புடுதா. படகு திரும்பிக் கரைக்கு வாரதுக்குள்ள ஒங்க வாயால ஒங்க மகன்கிட்ட சொல்லணும். இல்லையா, மெஷினெல்லாம் வித்துட்டு நான் சென்னைக்குப் போயிருவேன்.”

“அவனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கற நேரம். பொங்கலூர்க்காரங்க ஜாதகம் பொருந்தியிருக்குன்னு சொல்லியனுப்பிச்சிருக்காங்க. நம்ம பங்காளிகளப் பத்தியும் உனக்குத் தெரியும். வேற சாதியிலயான்னு...”

“தெரியும். அதையெல்லாம் யோசிச்சுட்டு வேண்டாம்னாலும் வேண்டாம்னு சொல்லிருங்க. அதுவும் பதிலுதான். பதிலே சொல்லாம இருக்கறதத்தான் என்னால தாங்க முடியல.”

சத்தம் போடாமல் சொன்னாள். சாயத்துக்கு அவ்வளவு சத்தம் போட்டவள் இதற்குப் போடவில்லை என்றால், முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

பொங்கல் முடிந்து, வேன் ஏறி, புன்னக்காயலில் விடியற்காலையில் இறங்கியபோது ஆண்கள் நாலு பேரும் மெரூன் முழுக்கையில் பாதுகாவலர்கள் போல வரிசையாக நின்றார்கள். மாரக்காளும் கோபத்தை மறந்து சுடிதார் மேல் மாட்டியிருந்தாள். தைத்துக் கொடுத்த விஜயராணி மட்டும் சந்தன நிறத்தில் ஒரு காட்டன் சேலை.

“நீங்க போடலீங்களா?” என்றாள் மாரக்காள்.

“தச்சவளுக்குத் தெரியாதா” என்றாள் விஜயராணி. சாமியப்பன் அது காதில் விழாத மாதிரி படகைப் பார்த்தார்.

சூரியன் ஏறுவதற்குள்ளேயே சுடலை சொன்னது சரியாகிவிட்டது. குளிராவது ஒன்றாவது. தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தைத் தாண்டும்போது அலை ஒன்று படகின் மூக்கில் ஏறி, எல்லோரையும் தலை முதல் கால் வரை நனைத்துவிட்டுப் போனது. மாரக்காள் எல்லாச் சாமி பெயரையும் சொல்லி முடித்தபோது படகு கண்ணாடி மாதிரிக் கிடந்த தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. நனைந்த பாதுகாப்பு ஜாக்கெட்டுகளைக் கழற்றிக் கூரைக் கம்பியில் காயப்போட்டார்கள். படகுக்காரர் முணுமுணுத்தார், திருப்பூர்க்காரர்கள் சாமியப்பன் தலைமையில் அவரைச் சமாதானப்படுத்தி, ஆளுக்கொரு கச்சாயப் பலகாரத்தைக் கையில் கொடுத்து வாயை அடைத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மணி நேரம் நன்றாகவே இருந்தது. வெயில் முதுகில் இதமாக விழுந்தது. காயல்பட்டினத்து மினாராக்கள் நகர்ந்து போயின. தூரத்தில் திருச்செந்தூர்க் கோபுரம் முதலில் பென்சில் முனையாகவும் பிறகு கோபுரமாகவும் வந்தது. சுடலை தன் சித்தி வீடு எந்தத் தென்னைமரத்துக்குப் பின்னால் என்று காட்ட, எல்லாத் தென்னைமரமும் ஒரே மாதிரி இருப்பதாக சாமியப்பன் வாதம் செய்தார். யுவன் போனை மூக்குக்கு முன்னால் பிடித்துக் கடலைப் படம் எடுத்தான். முன்பக்கம் எல்லோரும் கூடியிருந்ததால் பின்பக்கம் கூரை நிழலில் இருவர் மட்டும்.

“மீன் துள்ளுது பாருங்க” என்று விஜயராணி சிரித்தாள். இந்தக் கடலோரத்திலிருந்து பிழைப்புக்காகக் கிளம்பிப் போனவள், இத்தனை வருடத்துக்குப் பிறகு சும்மா வேடிக்கை பார்க்க அதே கடலுக்கு வந்திருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஈஸ்வரமூர்த்தி, வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த மிகச் சில காரியங்களில் ஒன்றைச் செய்தார். கையைத் தூக்கி அவள் தோளைச் சுற்றிப் போட்டார். அவள் விலகவில்லை. இரண்டு பேரும் அப்படியே கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரப் பனியன், ஈரச் சேலை. மேலே சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு நங்கூரம் போட்டார்கள். மாரக்காள் தக்காளிச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, “ராணி, அந்தக் கரண்டிய எடுங்க” என்றாள். விஜயராணி எழுந்து, திரும்பி, குனிந்தாள்.

தோளோடு போர்த்தியிருந்த சந்தன நிறச் சேலையின் முதுகில் இடது தோளிலிருந்து வலது தோள் வரைக்கும் ஒரு கை படுத்திருந்தது. மெரூன் கலர் கை. முழங்கை மடிப்புத் தெரிந்தது. மணிக்கட்டில் பட்டி வைத்துத் தைத்திருந்த இடம் ஒரு கோடாகத் தெரிந்தது. வலது தோளில், கைவழியே சாயம் வழிந்திருந்த ஐந்து விரலும் தனித்தனியாக விழுந்திருந்தன. பிரிண்டிங் யூனிட்டில் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

மாரக்காள் பாத்திர மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஒரு வருடமாகத் தேடிய சாட்சி, நடுக்கடலில், நண்பகல் வெயிலில், அளவு குறையாமல் வந்து நின்றால் யாருக்குத்தான் கை ஓடும்?

யுவனும் பார்த்தான். கையைப் பார்த்தான், பிறகு படகில் இருந்த நாலு முழுக்கைகளையும் பார்த்தான். பின்பக்கமிருந்து வந்த கை ஒன்றுதான்.

சாமியப்பன் நல்ல நண்பர். நல்ல நண்பர்கள்தான் இந்த மாதிரி சமயத்தில் கெடுக்கிறார்கள்.

“அலையில படகு தூக்கிப் போட்டுச்சல்ல? ராணி விழுகப் பாத்திருப்பாங்க. நம்ம ஈஸ்வரன் புடிச்சிருப்பான். அப்பிடித்தான மாப்ள?”

ஈஸ்வரமூர்த்தி மகனைப் பார்த்தார். மாரக்காளைப் பார்த்தார். பொங்கலூரும் பங்காளிகளும் நல்லூரின் எல்லா வீதிகளும் அந்தப் படகில் ஏறி உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

“ஆமாமா. விழுகப் பாத்தாங்க. புடிச்சனுங்க” என்றார்.

விஜயராணி கரண்டியை மாரக்காளின் கையில் கொடுத்தாள்.

“ஆமா. அண்ணாச்சி மட்டும் புடிக்கலன்னா இந்நேரம் கடல்லதான் கெடந்திருப்பேன்” என்றாள்.

அண்ணாச்சி. ஒரு வருடமாக அவள் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டதில்லை. படகின் மறுகோடிக்குப் போய்ப் படகுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தக்காளிச் சோறு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பது மாரக்காளுக்குத்தான் தெரியும்.

மணப்பாட்டில் இறங்கியதும் சாயங்காலம் மகனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு மணல்மேட்டுப் பக்கம் நடந்தார் ஈஸ்வரமூர்த்தி. மேலே சர்ச், கீழே மாலைக் கடல், கையைத் தொட்டுப்போகும் காற்று. சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவரும் தொண்டையைச் செருமினார்.

“கண்ணு, அந்த புது நூலு... அடுத்த லாட்டுக்கு எப்புடி இருக்கும்ங்கற?”

“பரவால்லீங்ப்பா.”

“வெலயும் எறங்கும்ங்கறாங்க.”

“ம்.”

நூல் விலையில் தொடங்கி, பின்னுகிற மெஷினுக்கு எண்ணெய் மாற்றுவது வரைக்கும் பேசிவிட்டுத் திரும்பினார்கள். யுவன் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா எதற்காகக் கூட்டிக்கொண்டு வந்தார் என்பது தெரியாத முட்டாளில்லை அவன்.

மறுநாள் திரும்பும்போது கடல் இன்னும் அமைதியாக இருந்தது. விஜயராணி நீலச் சேலையில், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் மெரூனைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் கழுத்தும் காதோரமும் மணிக்கட்டும் மெரூனாகவே இருந்தன. சாமியப்பனுக்கு வேட்டிகூடப் பாதி மெரூன். அதைச் சொல்லிச் சிரிக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

புன்னக்காயல் சர்ச் கோபுரம் தெரிந்தது. படகுக்காரர் வேகத்தைக் குறைத்தார். ஈஸ்வரமூர்த்தி கோபுரத்தைப் பார்த்தார். அது வளர வளர அவருக்கு நேரம் குறைந்தது. விஜயராணி போனை எடுத்து யாருக்கோ ஏதோ அனுப்பினாள். ஜோதிகாவுக்காக இருக்கும். என்றைக்கு வருகிறேன் என்று சொல்வதற்காக இருக்கும்.

ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். ஓடும் படகில் எழக்கூடாது என்று படகுக்காரர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கூரைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நேத்து ராணி விழுகலீங்க” என்றார்.

இன்ஜின் சத்தத்தில் பாதிப்பேருக்குச் சரியாகக் கேட்கவில்லை. “என்னுங்ண்ணா?” என்றாள் மாரக்காள், நன்றாகக் கேட்டும்.

“நேத்து ராணி விழுகலைன்னேன். அலையும் அடிக்கல. படகும் ஆடல. நானாத்தான் கைய போட்டேன்.”

“ஆடுச்சு மாப்ள, எனக்கு நல்லா தெரியும், நீ மொதல்ல உக்காரு” என்றார் சாமியப்பன்.

“நீ சும்மா இரு சாமியப்பா. உன்ற துணிக்கு இருக்கற வாய்கூட எனக்கு இல்லாமப் போச்சு.” மகன் பக்கம் திரும்பினார். “கண்ணு, நானும் ராணியும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கறோம். ஒரு வருசமா உன்றகிட்ட சொல்லோணும், சொல்லோணும்னு இருந்தேன். பயந்துட்டேன். நேத்தும் பயந்துதான் அப்புடிச் சொன்னேன்.”

சுடலை எட்டி, இன்ஜினை அணைக்கச் சொல்லிப் படகுக்காரரின் தோளைத் தட்டினார். அவர் செய்த பெரிய உதவி அது. படகு தண்ணீரில் சும்மா மிதந்தது.

“ஒரு வருசமாவா?” என்றான் யுவன்.

“ஆமா கண்ணு.”

“அப்ரூவல் வாங்காம மொத்த சரக்கையும் பல்க்கா போட்டுட்டு, கண்டெய்னர் ஏத்தறப்ப வந்து சேம்பிள் காட்டறீங்க. சரக்கு வாங்கற பையர்கிட்ட நாம இப்புடிப் பண்ணுனா சும்மா உடுவாங்களாங்ப்பா?”

சாமியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. மாரக்காள் அவர் தொடையில் கிள்ளினாள்.

“தப்புதான்.”

“எனக்குக் கோவம் இருக்குதுங்க. இல்லீன்னு சொல்லல. அம்மா போட்டா மாட்டியிருக்கற ஊடு அது. அதயெல்லாம் நெனைக்க எனக்குக் கொஞ்ச நாளாகும். பொங்கலூர்க்காரங்க என்ன சொல்வாங்கன்னும் எனக்குத் தெரியல. ஆனா நீங்க கைய போட்டத உட, அவங்க விழுகப் பாத்தாங்கன்னு சொன்னீங்க பாருங்க. அதுதான் எனக்குப் பிடிக்கல. அவங்க மூஞ்சிய நீங்க பாக்கல. நாங்க பாத்தோம்.”

யுவன் படகின் மறுகோடியைப் பார்த்தான்.

“ஏனுங், அவரு சொல்லிட்டாரு. நீங்க ஒன்னுமே சொல்லலீங்களே.”

விஜயராணி அப்போதுதான் திரும்பினாள். கண் கலங்கியிருந்ததாக மாரக்காள் சொல்கிறாள். உப்புக்காற்று என்று விஜயராணி சொல்கிறாள்.

“நான் என்ன தம்பி சொல்ல? ஒரு வரி சொல்ல ஒரு வருசம் எடுத்த மனுசன். இவரக் கட்டிக்கிட்டா, ஊருக்குக் கெளம்பணும்னா ஒரு மாசத்துக்கு முன்னாடியே எழுப்பி விடணும்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “ஒங்க அம்மா போட்டோவ யாரும் கழத்தப் போறதில்ல. அந்த வீட்டுக்கு நான் வரவும் இல்ல. அத மட்டும் இப்பவே சொல்லிருதேன். நீங்க எத்தன நாளு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. நான் எங்கேயும் போகல.”

“அப்ப சென்னை?” என்று கேட்டது ஈஸ்வரமூர்த்தி. கேட்டிருக்க வேண்டாம்.

“உக்காருங்க. விழுந்திராதீங்க” என்றாள். அண்ணாச்சி சேர்க்கவில்லை. அவர் உட்கார்ந்தார்.

கரையில் இறங்கியதும் யுவன் யாருக்காகவும் நிற்காமல் நேராக வேனுக்குப் போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். மற்றவர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்து டிரைவர் வண்டியைக் கிளப்பப் பார்த்தார்.

“இருங்கண்ணா. அவங்க இன்னும் வரல” என்றான் யுவன்.

படகுத்துறையில் விஜயராணி செருப்பிலிருந்த மணலை உதறிக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் உதறினாள். ஈஸ்வரமூர்த்தி வேன் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அவளுக்காகக் காத்து நின்றார். ஆறு வருடத்தில் அந்த முகம் அவ்வளவு லேசாக இருந்ததை சாமியப்பன் பார்த்ததில்லையாம்.

பொங்கலூர் சம்பந்தம் வாரத்துக்குள் முறிந்தது. மாரக்காளுக்கு அதில் பங்கில்லை என்று அவளே எல்லோரிடமும் போய்ச் சொன்னாள். பங்காளிகள் இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் ஈஸ்வரமூர்த்தியோடு பேசுவதில்லை. மூன்றாவது வீட்டுக்காரர் பேசாமலிருந்து பார்த்துவிட்டு, நூல் தேவைப்பட்டபோது பேசிவிட்டார். யுவன் கேட்ட கொஞ்ச நாள் சித்திரை வரைக்கும் நீண்டது. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனாகவே விஜயராணியின் யூனிட்டுக்குப் போய், உள்ளே என்ன பேசினானோ, வெளியே வரும்போது டீ டம்ளரோடு வந்தான். ஆனியில் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து சாமியப்பனும் சுடலையும். ஜோதிகா சென்னையிலிருந்து வந்து போட்டோவெல்லாம் எடுத்தாள். புதுத் தம்பதி பழைய வீட்டுக்குப் போகாமல், இரண்டு வீதி தள்ளி மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். பழைய வீட்டில் யுவன் இருக்கிறான். அடுத்த தையில் அவனுக்கு சேவூர்ப் பெண் வர்ஷினியோடு கல்யாணம் ஆனது. மணமேடையில் மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் யார் நிற்பது என்று பேச்சு வந்தபோது, விஜயராணிதான் என்று அதை முடித்து வைத்ததே வர்ஷினியின் அம்மாதான் என்கிறார்கள். சுடலை கட்டிங் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய், கூட்டாளியோடு சேர்ந்து படகு ஓட்டுகிறார். சாமியப்பன் குடும்பம் அவினாசிப் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோய்விட்டது. அதிலிருந்து நல்லூரில் எந்த விஷயமும் இரண்டு நாள் தாமதமாகத்தான் தெரியவருகிறது.